காய்ச்சல் நின்ற பின்னும் மாத்திரை எதற்கு?

"காய்ச்சல் விட்டு ஒரு மாசமாச்சு சார், மாத்திரைய நிறுத்திரலாமா?" மெலியோய்டோசிஸ் என்னும் தொற்றிலிருந்து மீண்டு வருவோர் பலரும் கேட்கும் கேள்வி இது. விடை நம் வயல் மண்ணில் இருக்கிறது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் காலத்தில் தென்காசி வட்டாரத்தில் கார் நெல் நடவும் தொடங்குகிறது. இந்நோய்க்குக் காரணமான பாக்டீரியா ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. தோலிலுள்ள காயத்தின் வழியாகவும், சில வேளைகளில் மூச்சு, குடிநீர் வழியாகவும் உடலுக்குள் நுழையும். சர்க்கரை நோயாளிகளையே அது மிகுதியாகத் தாக்குகிறது. 1911ஆம் ஆண்டு ரங்கூனில் ஆல்ஃப்ரெட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இந்நோயை முதன்முதலில் கண்டறிந்தனர். தமிழ்நாட்டிலும் இது காணப்படுகிறது.

அதே மண்ணில் அமீபா என்னும் ஒற்றைச் செல் உயிரியும் வாழ்கிறது. பாக்டீரியாக்களை விழுங்கிச் செரிப்பதே அதன் பிழைப்பு. ஆனால் இந்தப் பாக்டீரியா அமீபாவுக்குள் சென்றும் சாகாமல் தங்கி, பின்னர் வெளியேற வல்லது என்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் உடலிலும் அமீபாவைப் போலவே கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவல் அணுக்கள் உண்டு. அமீபாவிடம் பெற்ற பயிற்சியே, அந்த அணுக்களுக்குள்ளும் இக்கிருமி ஒளிந்து பிழைக்க உதவுகிறது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ஒளிந்திருக்கும் கிருமியை ஒழிக்க நெடுநாள் மருந்து தேவை. முதலில் குறைந்தது 10 முதல் 14 நாட்கள் ஊசி மருந்து; அதன்பின் குறைந்தது 3 மாதங்கள் மாத்திரை. இடையில் நிறுத்தினால் எஞ்சிய கிருமி மீண்டும் பெருகி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்நோய் நுரையீரலைத் தாக்கும்போது காசநோய் போலத் தோன்றும். இரத்தம், சளி, சீழ் ஆகியவற்றின் கல்ச்சர் பரிசோதனையே உண்மையைக் காட்டும். ஆகவே நீடித்த காய்ச்சலுடன் வருவோர், வயலில் வேலை செய்வதையும் சர்க்கரை நோய் இருப்பதையும் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

காயங்களை மூடிக்கொண்டு, இயன்றவரை காலுறைக் காலணி அணிந்து வயலில் இறங்குங்கள். நீரைக் காய்ச்சிப் பருகுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருங்கள். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது மிக அரிது; உடனிருப்போர் அஞ்சாமல் பணிவிடை செய்யலாம். நோயாளி மறந்தாலும் மாத்திரை வேளையை நினைவூட்டுவதே நீங்கள் செய்யும் பேருதவி.