நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திரை

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்கள் சித்திரை வெயிலிலும் தண்ணீரை அளந்துதான் குடிக்கிறார்கள். குடித்தால் எழுந்து போக வேண்டும். விபத்து பரவாமலிருக்க அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். கழிப்பறை அதற்கும் அப்பால். செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்றால் போய்வரும் நேரமும் நஷ்டம். வேலை நேரம் முழுவதும் எளிதில் போய்வரும்படி கழிப்பிடம் இருக்க வேண்டும் என்றது 2025 வரை அமலில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 19ஆம் பிரிவு. எண்ணிக்கைக் கூலி பற்றி அந்தப் பிரிவில் பேச்சிருக்கவில்லை.

சிறுநீரை அடக்குவதால் மட்டும் நீர்க்கடுப்பு வராது, கிருமி வேண்டும். பெரும்பாலும் அது நம் குடலிலேயே குடியிருக்கும் ஈ.கோலை. பெண்களின் சிறுநீர்த் தாரை சுமார் 4 செ.மீ.தான் என்பதால் எளிதில் சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடும். அடிக்கடி சிறுநீர் கழித்தால் அடித்துக்கொண்டு போகும். மணிக்கணக்கில் தேங்கினால் பெருகும்.

எரிச்சல் தொடங்கியதும் இளநீர், நீர்மோர், பார்லிக் கஞ்சி. இதமாக இருக்கும், கிருமி சாகாது. பிறகு மெடிக்கலில், "நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திரை குடுங்கண்ணே." வெட்கத்தால் அதற்கும் வீட்டுக்காரரை அனுப்புகிறவர்கள் உண்டு. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளே எளிதில் கைக்கு வருகின்றன. இந்தியாவில் ஈ.கோலை இவற்றுக்குப் பெருமளவு பழகிவிட்டது. 1953 முதல் புழக்கத்தில் இருக்கும் நைட்ரோஃபியூரன்டாயினுக்கோ இன்னும் பெரும்பாலும் அடங்குகிறது. சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு அது பொதுவாக 5 நாள். ஃபாஸ்ஃபோமைசின் என்றால் 3 கிராம் தூள், ஒரே வேளை. அன்றாடங்கூலிக்காரர் இரண்டு மாத்திரையோடு நிறுத்துவதை அறியாமை என்று டாக்டர்கள் திட்டுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. முழு அட்டை வாங்கக் காசு வேண்டாமா?

கிருமிகள் மருந்துக்குப் பழகுவது சிவகாசிக் கந்தக பூமியோடு நிற்கும் கதையல்ல. டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில்தான் 2008இல், கடைசிக் கையிருப்பான கார்பபெனெம் மருந்துகளையே முறியடிக்கும் என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்ற நொதி தென்பட்டது. சென்னை நோயாளிகளிடமும் அது இருப்பதை 2010இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதன்மை ஆசிரியராக இருந்த லான்செட் குழும இதழ்க் கட்டுரை சொன்னது. பெயரில் டெல்லி இருப்பதற்கே இங்கே பெரிய ரகளை.

நீர்க்கடுப்பு அடிக்கடி திரும்பி வந்தால் மருந்துக்கு முன் யூரின் கல்ச்சர் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எரிச்சலே இல்லாமலும் தொற்று இருக்கலாம். அதற்கும் சிகிச்சை அவசியம். குளிர்காய்ச்சலோடு விலாவில் வலித்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அங்கே நைட்ரோஃபியூரன்டாயின் போதுமான அளவு சேராது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.