பிக்கப் பெட்டிக்கு எந்த விரிப்பு?

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பத்துக்கு வீடு ஓரிடத்தில், தோட்டம் இன்னோரிடத்தில். குத்தகைக் காணிக்குப் பசளை கொண்டு போகவும், விளைந்த வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டு வரவும், காணிக்குத் திரும்பியவர்கள் வீடு கட்டக் கல்லும் மணலும் ஏற்றவும் ஒரு வாகனம் வேண்டியிருக்கிறது. பல இடங்களில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய பிக்கப்பை வாங்கி வைத்திருக்கின்றன. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆனாலும் இன்னொரு வாகனம் வாங்குவது இக்குடும்பங்களுக்கு இலகுவான காரியமல்ல. ஆகவே இருப்பதைக் காப்பாற்றுவதே புத்தி.

பிக்கப்பில் பெரும்பாலும் முதலில் கெடுவது பாரம் ஏற்றும் பெட்டியின் தளம். அதைக் காக்கவென்று பலவித விரிப்புகளும் பூச்சுகளும் கடைகளில் உள்ளன. எல்லாமே நல்லவை என்றுதான் விற்பவர் சொல்வார். எது யாருக்குப் பொருந்தும், எதனால் தீமை வரும் என்பதை இங்கே விளக்க முயல்கிறோம்.

தளம் ஏன் உக்குகிறது?

கல் விழுந்து தளம் நெளிவதைக் கண்டு நாம் கவலைப்படுகிறோம். உண்மையில் நெளிவு தளத்தைத் தின்பதில்லை. தின்பது கறள். பெயின்ற் உரிந்த இடத்தில் இரும்பும் நீரும் காற்றும் சந்தித்தால் கறள் பிடிக்கும். கறள் இரும்பைவிடக் கூடிய இடத்தை அடைப்பதால், பக்கத்தில் உள்ள நல்ல பெயின்றையும் கிளப்பிக்கொண்டு உள்ளே பரவும்.

உப்பு சேர்ந்தால் இந்த வேலை மிக விரைவாக நடக்கும். உப்பு என்றதும் ஆனையிறவு உப்பு மூட்டையும் கருவாடும் மட்டுமே நினைவுக்கு வரும். எம்.ஓ.பி. எனப்படும் பொட்டாஷ் பசளையும் ஒருவகை உப்புத்தான். அது பொட்டாசியம் குளோரைட்டு. அமோனியம் சல்பேற்றும் இரும்பை அரிக்கும். கிழிந்த மூட்டையில் இருந்து சிந்திய ஒரு பிடி பசளை, மாரிகாலத்து ஈரத்தை உறிஞ்சி நாட்கணக்கில் தளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே விரிப்பைத் தெரிவுசெய்யும்போது முதலில் கேட்கவேண்டியது, “இது எவ்வளவு பலமானது?” என்பதல்ல. “இதன் கீழே நீர் தேங்குமா? தேங்கினால் நாமே தூக்கிப் பார்த்துக் காயவிட முடியுமா?” என்பதே. கீழே ஈரத்தை வைத்து மேலே அழகாக மூடும் விரிப்பு, விரிப்பே இல்லாததிலும் பார்க்கக் கேடானது. தளம் உக்குவது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஐந்து வகைகள்

1. அச்சில் வார்த்த பிளாஸ்ரிக் பெட்டி: வாகனப் பெட்டிக்குள் அப்படியே இறக்கி வைப்பது. பக்கச் சுவர்களையும் சேர்த்துக் காக்கும். கல், விறகு முதலியவற்றின் அடியைத் தாங்கும். ஆனால் இதன் கீழே நீரும் மண்ணும் புகும். வாகனம் ஓடும்போது ஏற்படும் அதிர்வில் அந்த மண் அரத்தாள் போலப் பெயின்றைத் தேய்க்கும். மேற்பரப்பு வழுக்குவதால் பாரம் அங்குமிங்கும் ஓடும். பழைய வாகனத்தை வாங்கும்போது இது உள்ளே இருந்தால், கழற்றி அடித்தளத்தைப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

2. தெளித்துப் பூசும் பூச்சு: பொலியூரதேன் போன்ற பொருளைத் தளத்தோடு ஒட்டும்படி தெளிப்பார்கள். இடைவெளி இல்லாததால் கீழே நீர் தேங்காது, வழுக்கவும் மாட்டாது. புதிய வாகனத்துக்கு இது மிக நல்லது. ஆனால் செலவு கூட. கறளை முற்றாக நீக்காமல் இதைப் பூசினால், கறளை உள்ளே வைத்துப் பூட்டியதாகவே முடியும். ஓரிடத்தில் உரிந்தால் அவ்வழியாக நீர் உள்ளே புகும். ஆகவே உரிந்ததை உடனே திருத்த வேண்டும்.

3. றப்பர் விரிப்பு: தடித்த றப்பர் பாய். பாரத்தை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். இருவர் சேர்ந்து சுருட்டித் தூக்கலாம், கழுவலாம், காயவிடலாம். றப்பர் எமது நாட்டிலேயே விளைவதால் விரிப்புகளும் உள்ளூரில் கிடைக்கின்றன. ஐந்து அடிக்கு ஐந்து அடி அளவில் 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள விரிப்பு ஏறத்தாழ 22 கிலோ இருக்கும். பக்கச் சுவர்களை இது காக்காது. பெற்றோல், டீசல், எண்ணெய் பட்டால் இயற்கை றப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

4. பிளைவூட் பலகை: 12 மில்லிமீற்றர் பலகையைத் தளத்தின் அளவுக்கு வெட்டிப் போடுவது. கல், அரிகல் ஏற்றுவதற்கு உகந்தது. உடைந்தால் மாற்றலாம். ஆனால் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். வெட்டிய ஓரங்களுக்கும் இரு பக்கங்களுக்கும் பெயின்ற் அடிக்காமல் பாவித்தால் ஒரு மாரிக்குள்ளேயே பிரியத் தொடங்கும். சிந்திய கிருமிநாசினியையும் பலகை உறிஞ்சிக்கொள்ளும், கழுவினாலும் முழுதாகப் போகாது.

5. உலோகத் தகடு: புடைப்புக் கோடுகள் உள்ள அலுமினியத் தகடு அல்லது நாகம் பூசிய தகடு. சவளால் மணல் அள்ளுபவர்களுக்கு வசதி. ஆனால் வெயிலில் சுடும், சத்தம் போடும். அலுமினியமும் இரும்பும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். கீழே என்ன நடக்கிறதென்று பார்ப்பதும் கடினம்.

நெல்லுச் சாக்கையும் பழைய படங்கையும் விரித்துவிட்டு இதுவே போதும் என்று இருப்பவர்களும் உண்டு. நனைந்த சாக்கு ஈரத்தைத் தளத்தோடு ஒட்டி வைத்திருக்கும். பாரம் இறங்கியதும் அதை எடுத்துவிட வேண்டும்.

எமது சிபாரிசு

பழைய தளம், கலப்பான பாரம், குறைந்த பணம். இம்மூன்றும் பொருந்தும் குடும்பங்களுக்குத் தளத்தைச் சுத்தம் செய்து பெயின்ற் பூசி, மேலே றப்பர் விரிப்பைப் போடுவதே பொருத்தம் என்று கருதுகிறோம். கல்லும் மணலும் ஏற்றும் நாட்களில் மட்டும் அதன்மேல் ஒரு பிளைவூட் பலகையை வையுங்கள். வேலை முடிந்ததும் பலகையை இறக்கிவிடுங்கள். இரு சக்கர உழவு இயந்திரத்தின் இரும்புப் பெட்டிக்கும் இதே முறை பொருந்தும்.

விரிப்புக்குப் பணம் கொடுக்கும் முன் பின்வரும் வேலைகளை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

• தளத்தைக் கழுவிக் காயவிட்டு, சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சத்தம் மாறும் இடம் உக்கிய இடமாக இருக்கலாம். ஓட்டை விழுந்திருந்தால் முதலில் ஒட்டுவேலை செய்விக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் கீழே எரிபொருள் தாங்கியும் பிறேக் குழாயும் எங்கே செல்கின்றன என்று பார்ப்பது கட்டாயம்.

• கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் கறளைச் சுரண்டி எடுங்கள். மழையற்ற நாளில் கறள் தடுப்புப் பூச்சு ஒருமுறையும், நன்கு காய்ந்தபின் பெயின்ற் இருமுறையும் அடியுங்கள். முற்றாகக் காய்ந்த பிறகே விரிப்பைப் போட வேண்டும்.

• நீர் வடியும் துவாரங்களை அடைக்க வேண்டாம். விரிப்பை இறுக்குவதற்காகத் தளத்தில் புதிய துவாரம் போடவும் வேண்டாம். ஒவ்வொரு ஆணித் துவாரமும் கறளுக்கு ஒரு வாசல்.

• பசளை, உப்பு, மாட்டெரு ஏற்றிய அன்றே கழுவுங்கள். மாரியில் வாரம் ஒருமுறை விரிப்பைத் தூக்கிச் சுவரோடு சாத்திக் காயவிடுங்கள். வாகனத்தின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தினால் நீர் பின்கதவு வழியாக வடிந்துவிடும்.

உயிரோடு சம்பந்தப்பட்ட இரண்டு விடயங்கள்

முதலாவது பெற்றோல். நீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் கானில் பெற்றோல் வாங்குகிறோம். கானைப் பிக்கப் பெட்டியிலேயே வைத்து நிரப்புவது பலருடைய வழக்கம். பெற்றோல் குழாய் வழியாக ஓடும்போது நிலைமின் உண்டாகும். கான் நிலத்தில் இருந்தால் அது மண்ணுக்கு இறங்கிவிடும். பிளாஸ்ரிக் விரிப்பின்மேல் இருந்தால் இறங்க வழியில்லை. சேர்ந்த மின் ஒரு சிறு பொறியாகப் பாய்ந்தால், கானின் வாயில் உள்ள ஆவி பற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் இப்படித் தீ விபத்துகள் நிகழ்ந்ததையடுத்து, அந்நாட்டின் தொழிற் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் 1998இல் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. எந்த விரிப்பாக இருந்தாலும் இயந்திரத்தை நிறுத்தி, கானைக் கீழே இறக்கி நிலத்தில் வைத்து, குழாயின் நுனி கானின் வாயைத் தொட்டபடி இருக்க நிரப்புங்கள். எரிபொருளுக்கென்று செய்த கானையே பாவியுங்கள்.

இரண்டாவது கிருமிநாசினி. காலையில் மருந்துப் போத்தல் போகும் அதே பெட்டியில்தான் மாலையில் மரக்கறியும் அரிசியும் பிள்ளைகளும் வருகிறார்கள். போத்தல்களை மூடியுள்ள ஒரு வாளிக்குள் நிமிர்த்தி வைத்து, வாளியை ஓரமாகக் கட்டுங்கள். அந்த வாளியை வேறெதற்கும் எடுக்க வேண்டாம். றப்பர் விரிப்பில் மருந்து சிந்தினால் கையுறை அணிந்து, மண் போட்டு உறிஞ்சவிட்டு அந்த மண்ணை ஒரு பையில் சேர்த்து எடுங்கள். பின்பு சவர்க்கார நீரால் விரிப்பைக் கழுவுங்கள். கழுவிய நீர் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊற்றியது நிலத்தடி நீரை விரைவாகச் சென்றடையும். பிளைவூட் பலகையில் மருந்து ஊறியிருந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டியதுதான். அந்தப் பலகையைச் சமையலுக்கு விறகாக எரிக்க வேண்டாம். புகையோடு நஞ்சும் வீட்டுக்குள் வரும்.

சேர்ந்து தீர்மானிப்போம்

பொது வாகனத்தில் இலகுவில் தவறிப்போவது விரிப்பைத் தூக்கிக் காயவிடும் வேலைதான். எல்லோருடைய வேலை என்று விட்டால் ஒருவரும் செய்யமாட்டார்கள். ஆகவே விரிப்பு வாங்கும் கூட்டத்திலேயே எந்த வாரம் எந்தக் குடும்பம் கழுவுவது என்று எழுதி, சாரதியின் ஆசனத்துக்கு அருகில் ஒட்டிவிடுங்கள்.

விலை உயர்ந்த விரிப்பை வாங்கிப் போட்டு மறந்துவிடுவதிலும் பார்க்க, மலிவான விரிப்பை வாரம் ஒருமுறை தூக்கிப் பார்ப்பது மேல். தளம் நல்லபடி இருக்கும்வரை பசளையும் விளைச்சலும் தடையின்றிப் போய்வரும். சொந்தக் காணிக்குத் திரும்பும் நாள் வரும்போது வீட்டுச் சாமான்களை ஏற்றவும் அதே பெட்டி உதவும்.