வெள்ளியங்கிரிக்கு முன்னே பிரான்மலை

வரும் மாதம் வெள்ளியங்கிரிக்குச் செல்லவிருக்கும் குழுவினருடன் இரண்டு நாள் பயிற்சிக்குச் சென்று வந்தோம். குழுவில் எங்கள் ஊழியர் சிலரும், இங்குச் சிகிச்சை பெறுவோரும் அவர்தம் குடும்பத்தாருமாகப் பதினான்கு பேர். சனிக்கிழமை மாலை குன்றக்குடிப் படிகளில் இருமுறை ஏறி இறங்கினோம். அன்றிரவு சிங்கம்புணரியில் தங்கி, ஞாயிறு விடியலில் பிரான்மலை அடிவாரத்தில் நின்றோம். பாரி ஆண்ட பறம்பு மலை என்று நாம் பள்ளியில் படித்தது இதைத்தான்.

கோவைக்கு மேற்கே பூண்டியில் தொடங்கும் வெள்ளியங்கிரிப் பாதை ஏழு மலைகளைக் கடப்பது. ஏறுவதற்கு மட்டும் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் அங்கு ஏறியவர்களுள் சிலர் மயங்கி விழுந்து உயிரிழந்தனர். இதய நோய், மூச்சுத்திணறல் போன்றவை உடையோர் ஏறுவதைத் தவிர்க்குமாறு வனத்துறை அறிவுறுத்தியது. காற்று மெலிவதால் வரும் மலைநோய் பெரும்பாலும் 8,000 அடிக்கு மேல்தான் தோன்றும். வெள்ளியங்கிரி அவ்வளவு உயரமன்று. அங்கே இடர் தருவன செங்குத்தான படிகள், இரவுக் குளிர், உறக்கமின்மை, நடுவழியில் திரும்பினால் நால்வர் என்ன சொல்வரோ என்னும் கூச்சம் ஆகியவை. இறுதியாகச் சொன்னதற்கு எங்கள் மருந்தகத்தில் மருந்தில்லை.

பிரான்மலையில் நாங்கள் விதித்த கட்டுப்பாடு ஒன்றே: ஏறும்போது ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச இயலவேண்டும், இயலாவிடில் நிற்கவேண்டும். கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை எல்லாரும் நம்பிவிட இயலாது. இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை உண்பவர்க்கு, உடல் களைத்தபோதும் துடிப்பு அதற்கேற்ப உயராது.

மூன்றில் ஒரு பங்கு ஏறியிருப்போம். மகனை ஊக்குவிக்க வந்திருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பாறையில் சாய்ந்து தாடையைத் தடவினார். இரண்டாண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைக்கப்பெற்றவர், நீரிழிவும் உண்டு. “வாய்வுதான் தம்பி, நீங்க போங்க” என்றார். முகம் வியர்த்திருந்தது. காலை அந்த நேரத்தில் வியர்க்குமளவு வெயில் இல்லை. நீரிழிவு உள்ளவர்க்கு நெஞ்சுவலி நெஞ்சில்தான் வரவேண்டும் என்பதில்லை; தாடையிலோ தோளிலோ வெறும் களைப்பாகவோ வரக்கூடும். செவிலியர் அவரை அமரவைத்து, அவர் சட்டைப்பையிலிருந்த, முன்பே மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நாவின் அடியில் வைத்தார். சில நிமிடங்களில் வலி தணிந்தது. “அப்போ மெதுவாக ஏறலாமே, அப்பா?” என்று மகன் கேட்டார். வலி தணிந்தது நல்லது. ஆயின் அதுவே அது வாய்வன்று என்பதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம் என்று விளக்கினோம். அவரை நடக்கவிடாமல், போர்வையைத் தொட்டிலாக்கி நால்வர் சுமந்து இறக்கினர். பின்னர் எடுத்த ஆஞ்சியோகிராமில் வேறொரு குழாயில் புதிய அடைப்பு தெரிந்தது. அவர் இசைவுடனேயே இதை எழுதுகிறோம்.

உச்சியில் தர்கா வரை சென்றவர்கள் எழுவர். எஞ்சியோர் பாதியில் அமர்ந்து தங்கள் பைகளை ஆராய்ந்தனர். இன்சுலின் போடுவோர் மூவரும் தாழ்சர்க்கரைக்குக் கடலைமிட்டாய் கொண்டுவந்திருந்தனர். கடலையிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். அவசரத்திற்குக் குளுக்கோஸ் பொடியே ஏற்றது. மலையேறிய அன்றிரவு உறக்கத்திலும் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதை அவர்களுள் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. ஒருவர் புதுக் காலணியில் வந்திருந்தார். குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. காலில் உணர்ச்சி குன்றியிருந்தமையால் காலுறையில் ஈரத்தைக் கண்ட பின்னரே அதை அறிந்தார்.

1953இல் எவரெஸ்ட் சென்ற ஹன்ட் குழுவினரும் தியாங்போச்சே மடத்தை ஒட்டிய சிறு சிகரங்களில் ஏறத்தாழ மூன்று வாரம் பழகிக் கருவிகளைச் சோதித்த பிறகே மேலே சென்றனர். நமக்குக் கிடைத்தது இரண்டு நாள்.

திங்களன்று அனைவரும் தொடைவலியுடன் வந்தனர். அது ஏற்றத்தால் வந்ததன்று. இறங்கும்போது தசை நீண்டபடியே எடையைத் தாங்குவதால் வருவது. இரண்டு மூன்று நாளில் தீரும்.

குழு இப்போது பதினொருவராகக் குறைந்துள்ளது. ஆசிரியரின் மகன் இம்முறை செல்லவில்லை. தந்தைக்கு அடுத்த வாரம் சிகிச்சை. செல்வோர் புறப்படுமுன் மருந்துச் சீட்டையும், நடந்து பழகிய பழைய காலணியையும் எடுத்துக்கொண்டு மாலையில் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு வருக. உடன் செல்லும் உறவினர் ஒருவரும் வரவேண்டும். நாவின் அடியில் வைக்கும் மாத்திரை எந்தப் பையில் உள்ளது என்று அவரிடம்தான் கேட்போம்.