நிலம் அதிர்ந்தபின் கிணற்றையும் சோதியுங்கள்

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியை 7.7 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், ஊர்கள் தரைமட்டமாயின. அதே வேளையில் அங்குள்ள ரண் சமவெளியில் மணலும் நீரும் தரையைப் பிளந்துகொண்டு பீறிட்டன. வறண்டு கிடந்த நிலத்தில் தேங்கிய அந்த நீர் பல இடங்களில் உப்புநீர். நிலநடுக்கம் வீடுகளோடு நிலத்தடி நீரையும் குலைக்கிறது என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

நிலத்துக்குள் நடப்பது என்ன?

நீரில் ஊறிய தளர்வான மணல் அதிரும்போது துகள்கள் நெருங்கி அமர்கின்றன. இடையிலிருந்த நீரின் அழுத்தம் கூடி, அது மேலே பீறிடுகிறது. பாறைப் பகுதிகளில் அடைபட்டிருந்த விரிசல்கள் திறந்து, மேட்டு நீர் புதுவழியில் பள்ளத்துக்கு வடிகிறது. கீழே ஊற்று பெருகும், மேட்டுக் கிணறு வற்றும். 2015 ஏப்ரலில் நேபாள நிலநடுக்கத்துக்குப் பின் மலைக்கிராமங்கள் பலவற்றில் ஊற்றுகள் வற்றின.

நீரின் தரமும் மாறலாம். தனித்தனியாக இருந்த நீரடுக்குகள் கலக்கும்போது ஆழத்து உப்போ ஃபுளோரைடோ நல்ல நீரில் சேரலாம். போர்வெல்லின் கேசிங் பைப் உடைந்தாலோ, செப்டிக் டேங்க் விரிசல் விட்டாலோ கிருமிகள் புகும். கலங்கல் கண்ணுக்குத் தெரியும். கிருமியும் ஃபுளோரைடும் தெரியாது. தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் அல்ல.

ஆழிப்பேரலை தந்த பாடம்

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடி நிலம் பெயர்ந்து எழுந்த பேரலை, தமிழகக் கரையிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் கிணறுகளில் கடல்நீரை நிரப்பியது. மணற்பாங்கான கரையில் நல்ல நீர், கனமான உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காகவே நிற்கிறது. கிணற்றைச் சுத்தப்படுத்தும் நல்லெண்ணத்தில் பம்பு வைத்து அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறும். கிழக்கிலங்கைக் கிணறுகளில் உப்பைக் குறைத்ததில் பருவமழைக்கே பெரும்பங்கு. சேற்றையும் கழிவையும் அகற்ற இறைக்கலாம். உப்பைப் போக்க ஓயாமல் இறைக்கக் கூடாது.

உடனே செய்ய வேண்டியவை

• கிணற்று நீரின் நிறம், மணம், சுவை, மட்டம் மாறினால் அதைக் குடிப்பதையும் அதில் சமைப்பதையும் நிறுத்துங்கள்.

• பிளீச்சிங் பவுடரும் கொதிக்கவைப்பதும் கிருமிகளுக்கே தீர்வு. உப்பும் ஃபுளோரைடும் கொதிக்கவைத்தால் போகாது.

• நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தமிழகத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் உள்ளன. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 2000 வரை ஏற்கலாம். ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

உங்கள் உரிமை

மாசற்ற நீர், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991இல் கூறியது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, நிவாரணத்தின் குறைந்தபட்சத் தரங்களில் குடிநீரையும் சேர்த்திருக்கிறது. லாரித் தண்ணீர் யாரும் இடும் பிச்சை அன்று. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077இல் கேளுங்கள். கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். நீர்ப் பரிசோதனை அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரலாம். உயிர் சார்ந்த தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது அச்சட்டம்.

இவற்றுக்கெல்லாம் ஆதாரம் தேவை. கிணறு முன்பு எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாவிட்டால், அது கெட்டுவிட்டது என்று நிரூபிப்பது கடினம். ஆகவே ஒவ்வோர் ஊராட்சியும் பொதுக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் பரிசோதனை முடிவுகளையும் மழைக்கு முன்பும் பின்பும் பதிவேட்டில் எழுதிவைக்கட்டும். அடுத்த கிராமசபையிலேயே இதைக் கேளுங்கள்.