ஆட்டக்காரரை மாற்றிக் கொடுக்கும் பாத்தியதை யாருக்கு?

2025ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி சனிக்கிழமையன்று, சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகம் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு ஈடாக சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது என்ற அறிவிப்பு வெளிவந்ததும், இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரையிலும் அங்கிருந்து வல்லம் வடகால் வரையிலும் பரந்து கிடக்கும் சிப்காட் பேட்டைகளில், கார் பூட்டுகிறவர்களும் டயர் செய்கிறவர்களும் கைபேசி பொருத்துகிறவர்களும் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியது முதல் இறங்கியது வரையில் வேறு பேச்சே பேசவில்லை என்றால் அது பெரிய அதிசயோக்தி ஆகாது. கிரிக்கெட் அபிமானம் தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவானதுதான். ஆனால் இந்தப் பிரதேசத்து விவாதத்துக்கு ஒரு தனி வாசனை உண்டு. “பர்மனன்ட் ஆளையே தூக்கிட்டாங்கண்ணே, கான்ட்ராக்ட்ல இருக்கிற நாம எம்மாத்திரம்?” என்று இளையவர் ஒருவர் கேட்பதும், “சம்மதம் கேட்டுத்தானே தம்பி அனுப்பியிருக்காங்க, சும்மாவா?” என்று மூத்தவர் சமாதானம் சொல்வதும் இங்கே மிக இயல்பாக நடக்கின்றன. ஆட்டத்தின் நுணுக்கத்தைவிட, ஆளை நடத்தும் முறையைப் பற்றிய கேள்வியே இங்கு முன்னால் வந்து நிற்கிறது.

ஐ.பி.எல். விதிகளைப் பற்றி அபிமானிகள் நடத்தும் வழக்குகளில் பெரியவை மூன்று. அவற்றுள் இரண்டை விரைவாகவே முடித்துவிடலாம்.

முதலாவது, 2023இல் வந்த ‘இம்பாக்ட் பிளேயர்’ விதி. பதினொருவரோடு ஐந்து மாற்று ஆட்டக்காரர்களின் பெயரையும் அணி கொடுத்துவிட்டு, அவர்களுள் ஒருவரை ஆட்டத்தின் நடுவே இறக்கிக்கொள்ளலாம். அவ்வாண்டு மார்ச் 31ஆம் தேதி ஆமதாபாத்தில் அம்பாதி ராயுடுவுக்குப் பதிலாக துஷார் தேஷ்பாண்டேயைப் பந்துவீச இறக்கி, இதை முதன்முதலில் உபயோகித்தது நம் சென்னை அணியே; ஆட்டத்தில் தோற்றதும் சென்னை அணியே. இப்படிச் செய்தால் மட்டையும் பந்தும் ஒருங்கே அறிந்த சகலகலா ஆட்டக்காரருக்கு வேலை குறைந்துவிடும் என்பது ஆட்சேபம். சிவம் துபேயும் வாஷிங்டன் சுந்தரும் பந்து வீசும் சந்தர்ப்பத்தை இழக்கிறார்கள் என்று 2024இல் ரோஹித் சர்மாவே பகிரங்கமாகச் சொன்னார். அமெரிக்காவில் பேஸ்பால் அபிமானிகள் இதே வழக்கை ஐம்பது ஆண்டுகளாக நடத்தியவர்கள். அங்கே பந்தெறிகிற பிட்சர் தாமே மட்டை பிடித்து ஆட வேண்டும் என்பது பூர்வீக வழக்கம். அவருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே தனியாக ஒருவரை நியமிக்கலாம் என்று அமெரிக்கன் லீக் 1973இல் விதி செய்தது. நேஷனல் லீக்கோ, அது ஆட்டத்தின் தர்மத்துக்கே விரோதம் என்று பிடிவாதம் பிடித்து, இடையில் 2020ஆம் ஆண்டின் நோய்க்காலத்தில் மட்டும் தளர்ந்து, 2022இல்தான் நிரந்தரமாக இணங்கியது. நம் ஊர் வழக்கு இத்தனை காலம் இழுக்காது என்றே நம்புகிறேன்.

இரண்டாவது, தோனிக்காகவே வந்தது என்று பலரும் கேலி செய்யும் விதி. ஐந்து ஆண்டுகளாகச் சர்வதேச ஆட்டத்தில் இறங்காத இந்தியரை, இந்தியாவுக்கு ஆடாதவர் என்றே கணக்கிட்டு 4 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று 2024இல் ஒரு பழைய ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2019 உலகக் கோப்பை அரையிறுதியோடு சர்வதேச ஆட்டத்தை முடித்துக்கொண்ட தோனி அந்தப் பட்டியலில் வந்தார். ராஜஸ்தான் அணியும் சந்தீப் சர்மாவை அதே விதியில், அதே தொகைக்கு வைத்துக்கொண்டது. ஆகையால் சலுகை ஒருவருக்கே என்ற குற்றச்சாட்டு முழுக்கவும் நிற்காது. இரண்டு உலகக் கோப்பைகளை வென்று தந்த தலைவரை இந்தியாவுக்கு ஆடாதவர் என்று காகிதத்தில் எழுதுவதிலுள்ள ஹாஸ்யம் மட்டும் நிற்கும்.

மூன்றாவது வழக்குத்தான் கனமானது. ஓர் ஆட்டக்காரரை ஓர் அணி இன்னோர் அணிக்கு மாற்றிக் கொடுக்கும் ‘டிரேட்’ என்ற ஏற்பாடு ஐ.பி.எல்.லுக்கு 2009இல் வந்தது. ஜாகீர் கானும் ராபின் உத்தப்பாவும் மும்பைக்கும் பெங்களூருக்கும் இடையே இடம் மாறியது அவ்வாண்டில்தான். சீசன் முடிந்த ஒரு வாரத்தில் இதற்கான காலம் தொடங்குகிறது. ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பு மூடி, ஏலம் முடிந்ததும் மறுபடி திறந்து, அடுத்த சீசனுக்கு ஒரு மாதம் இருக்கையில் முடிகிறது. ஆளுக்கு ஆள் என்றும் மாற்றலாம், வெறும் பணத்துக்கும் மாற்றலாம். 2023இல் ஹார்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குப் போனது பணத்துக்குத்தான். எந்த வகையானாலும் ஆட்டக்காரரின் சம்மதமும் கிரிக்கெட் வாரியத்தின் அனுமதியும் இன்றி மாற்றம் செல்லாது. மூத்தவர் பஸ்ஸில் சொன்ன சமாதானம் சட்டப்படி சரியானதே.

ஆனால் அந்தச் சம்மதத்தின் மதிப்பு என்ன என்பதற்கு ஜடேஜாவின் சரித்திரத்தைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. 2008இல் ஷேன் வார்னின் தலைமையில் ராஜஸ்தான் முதல் கோப்பையை வென்றபோது அவர் அந்த அணியின் இளைஞர். 2010இல், ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறோர் அணியோடு தாமே பேச்சு நடத்தினார் என்ற காரணத்துக்காக அந்த சீசன் முழுவதும் ஆடக்கூடாதென்று தடை செய்யப்பட்டார். பிறகு கொச்சி அணிக்குப் போனார். அவ்வணி ஓராண்டிலேயே கலைந்தது. 2012 ஏலத்தில் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் ஒரே உச்சத் தொகையான 20 லட்சம் டாலரில் வந்து முட்டிக்கொள்ள, மூடிய உறையில் இரகசியமாக ஒரு தொகையை எழுதிக் கொடுக்கச் சொல்லி வழக்கைத் தீர்த்தார்கள். அந்த உறைப் பணம் ஆட்டக்காரருக்குச் சேர்வதன்று, வாரியத்துக்குச் சேர்வது. அதன்பின் பன்னிரண்டு சீசன்கள் மஞ்சள் சட்டையில் ஆடி, 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து ஐந்தாவது கோப்பையைப் பெற்றுத் தந்து, ‘தளபதி’ என்ற பட்டமும் பெற்றவர், முடிவில் தாம் புறப்பட்ட ராஜஸ்தானுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். ஊதியமும் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. தாமே அணியைத் தேடிப் போனபோது தண்டனை. அணிகள் தம்மைக் கொடுத்து வாங்கியபோது அதற்குப் பெயர் விதிமுறை. 2025இல் பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்த சென்னை அணிக்கு முப்பத்தொரு வயதான ஒரு கீப்பர் மட்டையாளர் அவசியந்தான் என்பதை நான் மறுக்கவில்லை. மாற்றம் அணிக்கு நல்லதா என்பது வேறு, மாற்றும் முறை நியாயமா என்பது வேறு என்று மட்டும் பிரித்துப் பார்க்கிறேன்.

இந்த ‘டிரேட்’ முறை அமெரிக்கப் பேஸ்பாலில் நூறாண்டுகளுக்கு மேலாகப் பழகிய வழக்கம். அங்கே சம்மதம் என்ற சொல்லே நெடுங்காலம் இல்லை. ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான் என்றாலும் அதை மேலும் ஓராண்டு நீட்டிக்கும் அதிகாரம் அணிக்கு இருந்தது. நீட்டித்த ஆண்டின் முடிவில் மறுபடி நீட்டிக்கலாம். இவ்விதம் ஆட்டக்காரரின் ஆயுள் முழுவதும் அணியின் சுவாதீனத்திலேயே கழிந்தது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பன்னிரண்டு சீசன்கள் ஆடிய கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரரை 1969 அக்டோபரில் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். அவர் போக மறுத்தார். வாங்கவும் விற்கவும் தாம் ஒரு சொத்து அல்ல என்று லீக்கின் கமிஷனருக்குக் கடிதம் எழுதி, வழக்கு தொடுத்து, 1972இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார். ஆனால் அடுத்த ஆண்டே ஆட்டக்காரர் சங்கம் செய்துகொண்ட உடன்படிக்கையில், பத்து ஆண்டுகள் ஆடி அவற்றுள் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவரை அவருடைய இசைவின்றி மாற்ற முடியாது என்ற ஷரத்து ஏறியது. 1975 டிசம்பர் 23ஆம் தேதி, பீட்டர் சைட்ஸ் என்ற மத்தியஸ்தர் ஒப்பந்தமின்றி ஓராண்டு ஆடியவர் சுதந்திரர் என்று தீர்ப்பளிக்கவே, பழைய கட்டு அறுந்துபோயிற்று.

அந்தச் சங்கத்தை நடத்திய மார்வின் மில்லர் பேஸ்பால்காரர் அல்லர். உருக்காலைத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதார நிபுணராக இருந்து, 1966இல் ஆட்டக்காரர் சங்கத்துக்கு வந்தவர். ஒரகடத்து வாசகருக்கு இந்தச் செய்தி ருசிக்கும் என்று நினைக்கிறேன்.

பேஸ்பால் நமக்குத் தூரத்து விளையாட்டு என்று சொல்லி ஒதுக்கிவிடவும் முடியாது. ஏனெனில் அதன் முதலாளிகள் நம் பக்கத்து வாயிலில்தான் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாயின் பெயரில் 1996 முதல் 2007 வரை கொரியாவில் யூனிகார்ன்ஸ் என்ற அணி இருந்து நான்கு பட்டங்களை வென்றது. அதே வாகனக் குழுமத்தைச் சேர்ந்த கியா 2001 முதல் டைகர்ஸ் அணியை நடத்துகிறது. ஸ்ரீபெரும்புதூரில் குளிர்பதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் சலவை இயந்திரமும் செய்யும் சாம்சங்கின் பெயரைத் தாங்கிய லயன்ஸ் அணி, அந்நாட்டுத் தொழில்முறை லீக் பிறந்த 1982ஆம் ஆண்டு முதலே உண்டு. 2004இல் நம் பாரி மிட்டாயை வாங்கிய லோட்டே நிறுவனத்துக்கு ஜயன்ட்ஸ்.

அந்த லோட்டே ஜயன்ட்ஸின் மகத்தான பிட்சர் சோய் தோங்-வோன். 1984 இறுதித் தொடரில் சாம்சங் லயன்ஸுக்கு எதிராக நான்கு ஆட்டங்களைத் தம் கையாலேயே வென்று கொடுத்துப் பட்டத்தை வாங்கித் தந்தவர். 1988இல் அவர் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம் அமைக்க முற்பட்டார். தம் ஊதியத்துக்காக அல்ல, பெயர் வெளியே தெரியாத சிற்றாட்டக்காரர்களின் கஷ்டத்துக்காக என்பதே அவரைப் போற்றுகிறவர்கள் இன்றும் சொல்வது. முதலாளிகள் ஒன்றுகூடி எதிர்த்ததில் சங்கம் கருவிலேயே கலைந்தது. அவ்வாண்டின் முடிவிலேயே லோட்டே அவரை, அவர் வீழ்த்திய அதே சாம்சங் அணிக்கு மாற்றிவிட்டது. அதைப் பழிவாங்கல் என்றே கொரிய அபிமானிகளில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். விளையாட்டு நுணுக்கத்துக்காகச் செய்யப்பட்டதென்று தோற்றமளிக்கும் ஒரு மாற்றம் எவ்வளவு சுலபமாக தண்டனைக் கருவியாகிவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை. கொரிய ஆட்டக்காரர்களின் சங்கம் உருப்பெற அதற்குமேல் ஒரு மாமாங்கம் காத்திருக்க வேண்டியிருந்தது.

2024ஆம் ஆண்டின் அக்டோபர் மாதம் இந்தக் கதையை நம் நெடுஞ்சாலைக்கே கொண்டுவந்து சேர்த்தது. தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கோரி ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செப்டம்பர் 9ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் ஐந்து வாரங்களுக்கு மேல் நடந்து அக்டோபர் நடுவில் முடிந்தது. அது முடிந்து ஒரு வாரம் ஆவதற்குள், கொரியாவின் இறுதித் தொடர் தொடங்கியது. மோதியவை கியா டைகர்ஸும் சாம்சங் லயன்ஸும். முதல் ஆட்டம் மழையால் நடுவிலேயே நின்றிருந்த அக்டோபர் 22ஆம் தேதிதான் ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் பங்குகள் பம்பாய்ச் சந்தையில் முதன்முதலாக விலை பேசப்பட்டன. தொடரை கியா நான்குக்கு ஒன்று என்று வென்றது. சாம்சங் தொழிலாளர் சங்கமோ 2025 ஜனவரியில் பதிவு பெற்றது. கொரிய முதலாளிகளின் ஆலையில் உள்ளவர்களும் அணியில் உள்ளவர்களும் வெவ்வேறு காலங்களில் கேட்ட கேள்வி ஒன்றாகவே இருந்தது: எங்கள் சார்பில் பேச எங்களவர் ஒருவரை அனுமதிப்பீர்களா?

ஐ.பி.எல். ஆட்டக்காரர் கோடீஸ்வரர், அவருக்கும் கன்வேயர் பக்கம் நிற்பவருக்கும் என்ன ஒப்பு என்று கேட்பவர்கள் உண்டு. ஊதியத்தில் ஒப்பு இல்லைதான். ஆனால் ஏலத்தில் பெயர் கொடுத்தவர் எந்த ஊருக்குப் போவது என்பதைத் தாம் தேர்ந்துகொள்ள இயலாது. எடுத்தபின் தக்க காரணமின்றி வராமற் போனால் இரண்டு சீசன் தடை. டெல்லி அணி 6.25 கோடிக்கு எடுத்த ஹாரி புரூக் 2025இல் அதை அனுபவித்தார். 2025 டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில், சென்னை 25 கோடி வரை துரத்திய கேமரான் கிரீனை கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தது. அயல்நாட்டவருக்குச் சிற்றேலத்தில் உச்சவரம்பு உண்டாகையால் அவர் கைக்கு வருவது 18 கோடியே, எஞ்சியது வாரியத்திடம் ஆட்டக்காரர் நலநிதிக்கு என்று போகிறது. இத்தகைய விதிகள் தக்கவையா தகாதவையா என்பதைவிட, அவற்றை வகுக்கும் மேசையில் ஆட்டக்காரர் தரப்பில் உட்காருவது யார் என்பதே என் கேள்வி.

அமெரிக்காவில் அந்த நாற்காலி 1966 முதல் காலியாக இல்லை. கொரியாவில் அது தாமதமாக வந்தது. இந்தியாவில் வாரியத்தின் அங்கீகாரத்தோடு 2019இல் கிரிக்கெட் வீரர் சங்கம் ஒன்று ஏற்பட்டிருக்கிறது. ஓய்வூதியம், மருத்துவ உதவி போன்ற நல்ல காரியங்களை அது கவனிக்கிறது. அதில் சேர்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு: விண்ணப்பதாரர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருக்க வேண்டும்.