புதுச்சேரி கண்ட சமூக ஊடகம்

சமூக ஊடகத்தில் மக்கள் பேசுவதுபோலவே எழுதுகிறார்கள். திண்ணையில் பேசியது அங்கேயே கரைந்துவிடும். திரையில் தட்டியதோ எழுத்தாக நின்று, யார் கைக்கு வேண்டுமானாலும் போய்ச் சேரும். இந்த ஊடகத்தின் நன்மையும் தீமையும் பிறப்பது இங்கேதான். இதைப் பட்டே அறிந்த ஊர் புதுச்சேரி.

2012 அக்டோபரில் புதுச்சேரித் தொழில்முனைவர் ஒருவர், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு பதிவு போட்டார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர். ஒரு டீக்கடை வாசலில்கூட அதைவிடக் கூட்டம் இருக்கும். புகாரின் பேரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் அவர் கைது செய்யப்பட்டு, ஜாமீனில் வந்தார். கைதுச் செய்தியால் 16 பேர் பார்த்த பதிவு நாடெங்கும் பேசப்பட்டது. எது குற்றம் என்று தெளிவாகச் சொல்லாத அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. ஆனாலும் அவதூறுச் சட்டம் அப்படியே இருக்கிறது.

தனி மனிதருக்குப் பதிவு நிலைத்துவிடுவது சிக்கல் என்றால், அரசு அலுவலகத்துக்கு அது முறையாகப் பதிவாகாமல் போவதே சிக்கல். 2016 மே மாதம் துணைநிலை ஆளுநராகப் பொறுப்பேற்ற கிரண் பேடி, அதிகாரிகளை வாட்ஸ்அப் குழுக்களில் இணைத்தார். இதில் உண்மையான பயன் இருந்தது. புதுச்சேரி யூனியன் பிரதேசம் ஒரே நிலப்பரப்பு அல்ல. காரைக்கால் தெற்கே, மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில். நான்கு இடத்து அதிகாரிகளும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. அடைத்துக்கொண்ட வாய்க்காலை ஒருவர் படம் எடுத்து அனுப்பினால், மனு எழுதி, அலுவலகம் தேடிப் போய்க் காத்திருக்கும் ஒரு நாள் மிச்சம்.

ஆனால் அத்தகைய ஓர் அலுவல் குழுவிலேயே மூத்த அதிகாரி ஒருவரின் எண்ணிலிருந்து ஆபாசப் படங்கள் வந்து விழுந்தன. அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். உடனே 2017 ஜனவரி தொடக்கத்தில் அன்றைய முதல்வர் நாராயணசாமியின் அரசு, அலுவல் பணிக்குச் சமூக ஊடகம் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. சமூக ஊடக நிறுவனங்களின் சர்வர்கள் வெளிநாட்டில் இருப்பதால் அரசுத் தகவல் கசியலாம் என்பது அது சொன்ன காரணம். சில நாட்களுக்குள் ஆளுநர் அதைச் செல்லாது என்று அறிவித்தார். இந்தச் சர்ச்சை வேறு வடிவில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்காகப் போனது. அதிகாரிகள் அங்கீகரிக்கப்பட்ட வழியில்தான் தொடர்புகொள்ள வேண்டும் என்று 2019 ஏப்ரல் 30 அன்று தனி நீதிபதி சொன்னார்; 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை ரத்து செய்தது.

ஆளுநர், முதல்வர் இடையிலான அரசியல் போட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், தகவல் கசிவு தவிர வேறொரு நியாயமும் அந்தத் தடைக்கு உண்டு. கோப்பில் யார் எழுதினார், யார் ஒப்புதல் தந்தார் என்பது வரிசையாக இருக்கும். குழுவில் வந்த உத்தரவு நூறு ‘குட் மார்னிங்’ படங்களுக்கு அடியில் போய்விடும். கைபேசி மாறினால் அதுவும் மிஞ்சாமல் போகலாம். நீல டிக் விழுந்தால் செய்தி பார்க்கப்பட்டது என்றுதான் பொருள், வாய்க்கால் தூர்வாரப்பட்டது என்றல்ல.

ஆனால் பேரிடர் நேரத்தில் இதே ஊடகத்துக்கு வேறு முகம் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி மக்களை மீட்டது. இப்படிப்பட்ட வேளையில் எந்தத் தெருவில் எத்தனை அடித் தண்ணீர் என்பதை ஒரு கைபேசிப் படம் உடனே சொல்லிவிடும். அதே வேகம் உயிரையும் எடுக்கும். 2018 மே மாதம் குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த முதிய பெண்மணி அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி வரம்பு வைப்பதாக அறிவித்தது.

ஆகவே நகராட்சிக்கோ கொம்யூன் பஞ்சாயத்துக்கோ வாட்ஸ்அப்பில் புகார் அனுப்புவோர், அதையே எழுத்திலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு புகார் என்ன ஆனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்க, கையில் தேதியும் எண்ணும் இருக்கும்.