எந்தத் தெருவில் தங்கினார்?

ஓர் ஊரை அறிய வினாத்தாளோடு வீடு வீடாக ஏறி இறங்கலாம். அந்த ஊரிலேயே மாதக்கணக்கில் தங்கி, கல்யாணம், கருமாதி, வரப்புத் தகராறு, பஞ்சாயத்து என எல்லாவற்றிலும் கூட இருந்தும் கவனிக்கலாம். இரண்டாவது வழிக்குச் சமூகவியலில் பங்கேற்பு உற்றுநோக்கல் என்று பெயர்.

இதன் பலம் பெரியது. "சாதி பார்ப்பீர்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் அந்தக் காலம்" என்று பதில் வரும். யார் திண்ணையில் உட்காருகிறார், யார் வாசலோடு நிற்கிறார் என்பது கூடவே இருப்பவர் கண்ணில்தான் படும்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. 1961-62இல் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர் மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். நூலில் அந்த ஊருக்கு ஸ்ரீபுரம் என்று மாற்றுப்பெயர் வைத்தார். முன்பு சாதி மேன்மை, நிலம், அதிகாரம் மூன்றும் பிராமணர் கையில் ஒருசேர இருந்தன. இப்போது அவை தனித்தனியாகப் பிரிகின்றன, ஊராட்சி அதிகாரம் பிராமணரல்லாதார் பக்கம் நகர்ந்துவிட்டது என்று 1965இல் வெளிவந்த நூலில் காட்டினார். உள்ளே இருந்து பார்த்ததால் கிடைத்த அருமையான கண்டுபிடிப்பு இது.

ஆனால் அவர் தங்கியது அக்ரகாரத்தில். உடையும் உறைவிடமும் அவரை அந்தத் தெருக்காரராகவே மற்றவர்களுக்குக் காட்டின. ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு அவரால் இயல்பாகப் போய்வர முடியவில்லை. அம்மக்களைப் பற்றிய தன் தரவுகள் தரம் குறைந்தவை என்று அவரே எழுதினார். எனக்கு அந்த நூலின் மீது மதிப்பு கூடியதே இந்த நேர்மையால்தான். ஆனாலும் இழப்பு பெரிது: அந்தக் குடியிருப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் வயலில் இறங்கி உழைத்தவர்கள்.

கவனிப்பவர் வந்ததுமே கவனிக்கப்படுபவரும் மாறுகிறார். பாஸ்டனில் இத்தாலிய வம்சாவளி இளைஞர்களோடு பழகி வில்லியம் வைட் எழுதிய நூல் 1943இல் வந்தது. முன்பு யோசிக்காமல் செய்ததையெல்லாம் இப்போது வைட்டுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தே செய்வதாக, அவருக்குத் துணைநின்ற இளைஞர் சொல்லியிருக்கிறார்.

சரிபார்ப்பதும் கடினம். மைசூர்ப் பகுதியின் ராமபுராவில் 1948இல் தங்கி ஆய்வு செய்த எம்.என். சீனிவாஸ், பல ஆண்டுகளாகத் தொகுத்துவைத்த குறிப்புகளை 1970இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் இழந்தார். 1976இல் வெளிவந்த நூலைப் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதினார். அது மிக உயிரோட்டமான நூல். ஆனாலும் இன்னொருவர் அதே ஊருக்குப் போய் அதே 1948ஐப் பார்த்துவிட முடியாது.

ஓர் ஊரை வைத்து நாட்டையே அளக்கவும் இம்முறை உதவாது. காவிரி டெல்டாவில் கண்டது கொங்கு நாட்டுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை பேர் என்ற கேள்விக்குக் கணக்கெடுப்புதான் வேண்டும். ஆனால் ஏன், எப்படி என்ற கேள்விகளுக்குக் கூடவே தங்கிக் கவனிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இத்தகைய நூலைக் கையில் எடுத்தால் முன்னுரையைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். ஆய்வாளர் யார் வீட்டில் தங்கினார், யார் அவரை அழைத்துப்போனார், எந்தத் தெருவுக்கு அவர் போகவில்லை என்று அங்கே தேடுங்கள். அந்த விவரம் இல்லையென்றால் அவர் முடிவுகளை அப்படியே ஏற்காதீர்கள்.